சோற்றைத் தள்ளிவிட்டுத் தசை வளர்க்க முடியுமா?

மாணவர்களே, படிவம் மூன்றைத் தாண்டியதும் உங்களில் சிலருக்குக் கையிலும் தோளிலும் தசை வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. வரட்டும், நல்ல ஆசைதான். தண்டால் எடுப்பதும், ஓடுவதும், அளவோடு பாரம் தூக்குவதும் இந்த வயதில் உடம்புக்கு நன்மையே செய்யும். என் கவலை வேறு. ஆசை வந்த மறுவாரமே சாப்பாட்டுத் தட்டிலிருந்து சோறு காணாமல் போகிறது. புத்தகப் பையில் பொடி கலக்கும் புட்டி ஒன்று முளைக்கிறது. "சோறு சாப்பிட்டால் தொப்பை, புரதப் பொடி குடித்தால் தசை" என்பது இன்று வகுப்பறைகளில் நியூட்டனின் நான்காம் விதியைப் போல உலவுகிறது.

அந்த விதி தவறு. சோற்றை நிறுத்திவிட்டுப் புரதப் பொடியைக் குடிக்கும் மாணவர், வீடு கட்டக் காசு கொடுத்து வாங்கிய நல்ல பலகையை அடுப்பில் விறகாகப் போட்டு எரிக்கிறார். ஏன் இப்படிக் கடுமையாகச் சொல்கிறேன் என்பதற்கு 1865ஆம் ஆண்டில் நடந்த ஒரு மலையேற்றத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற வேதியியலாளர்களில் ஒருவர் ஜெர்மனியின் யுஸ்டுஸ் ஃபோன் லீபிக். தசை வேலை செய்யும்போது தசையில் உள்ள புரதமே எரிந்து சக்தியைத் தருகிறது என்பது அவருடைய கருத்து. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதால் பலரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நன்றாக உழைக்க வேண்டுமா, நிறைய இறைச்சி சாப்பிடு என்பதே அன்றைய அறிவுரை. லீபிக்கின் பெயரைத் தாங்கி மாட்டிறைச்சிச் சாறு விற்கும் நிறுவனம் ஒன்று லண்டனில் தொடங்கப்பட்டதும் அதே 1865இல்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாற்றில் புரதம் மிகக் குறைவு. அறிவியலாளர் பெயரை டப்பாவில் ஒட்டிச் சத்து விற்கும் வியாபாரம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல.

சூரிக் நகரில் இருந்த இருவருக்கு லீபிக்கின் கருத்தில் ஐயம் வந்தது. ஒருவர் உடலியங்கியல் அறிஞர் அடோல்ஃப் ஃபிக். மற்றவர் வேதியியலாளர் யொஹானஸ் விஸ்லிசெனுஸ். வாதம் செய்து கொண்டிருக்காமல், ஆகஸ்ட் மாத இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹோர்ன் மலையில் ஏறிச் சோதித்துப் பார்த்தார்கள். முந்திய நாள் நண்பகல் முதலே புரத உணவை நிறுத்திவிட்டார்கள். மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த அப்பம், சர்க்கரை போட்ட தேநீர் போன்றவைதான் சாப்பாடு. ஏரிக்கரையிலிருந்து உச்சிவரை அவர்கள் ஏறிய செங்குத்து உயரம் 1956 மீட்டர். சபாவின் கினபாலு மலையில் தீம்போஹோன் வாயிலிலிருந்து உச்சிவரை ஏறுவதைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

ஏறும்போதும் ஏறி முடித்த பிறகும் தங்கள் சிறுநீரைச் சேகரித்துக்கொண்டார்கள். முகம் சுளிக்காதீர்கள், சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இல்லை. உடலில் புரதம் சிதைந்தால் அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், சிறுநீரில் உள்ள நைட்ரஜனை அளந்தால் எவ்வளவு புரதம் சிதைந்தது என்று கணக்கிடலாம். கணக்கிட்டபோது ஒவ்வொருவருக்கும் சுமார் 37 கிராம் என்று வந்தது.

இனி இயற்பியல் பாடத்தில் படித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிக்கின் எடை 66 கிலோகிராம். 66 கிலோகிராமை 1956 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 66 × 9.8 × 1956, அதாவது சுமார் 1265 கிலோஜூல். ஒரு கிராம் புரதம் ஏறக்குறைய 17 கிலோஜூல் தரும் என்று வைத்தால், 37 கிராமிலிருந்து கிடைப்பது 629 கிலோஜூல். பாதிகூட இல்லை. தசை கிடைத்த சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தப் புரதம் தேவையான சக்தியில் எட்டில் ஒரு பங்கைத்தான் தந்திருக்க முடியும். மற்றதெல்லாம் அவர்கள் சாப்பிட்ட மாவிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் உடலில் இருந்த சேமிப்பிலிருந்தும் வந்தது. ஃபிக்கின் காலத்தில் ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு சக்தி என்ற எண் சரியாகத் தெரியாது. அதை மறு ஆண்டில் அளந்து சொன்னவர் ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட். லீபிக்கின் கருத்து அத்துடன் ஆட்டம் கண்டது. ஆய்வுக் கூடத்தில் விலையுயர்ந்த கருவி இல்லையே என்று குறைப்படும் மாணவர்கள் இந்தச் சோதனையை ஒரு தடவை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

புரதம் தசையைக் கட்டும் பொருள். தசையை ஓட்டும் எரிபொருள் முதலில் மாவுச்சத்தும் கொழுப்பும். பாரம் தூக்கும்போது தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் வேகமாகச் செலவாகிறது. கிளைக்கோஜன் எங்கிருந்து வருகிறது? சோறு, ரொட்டி, தோசை, மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம் இவற்றிலிருந்துதான்.

இவற்றை நிறுத்திவிட்டால் உடல் சும்மா இருக்காது. மூளைக்கு இரவும் பகலும் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரல் அமினோ அமிலங்களை எடுத்து, அவற்றிலிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றி யூரியாவாக அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் குளுக்கோஸாக மாற்றும். உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அமினோ நீக்கம் இதுதான். தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மறந்துவிடுகிறோம். நீங்கள் குடித்த பொடியின் ஒரு பகுதி இப்படிச் செலவாகிறது. உணவின் மொத்த அளவே போதவில்லை என்றால் உடல் தன் சொந்தத் தசையிலும் கை வைக்கும். தசை வளர்க்கப் போனவர் தசையைத் தின்றுகொண்டிருப்பார்.

சென்ற ஆண்டு படிவம் நான்கு மாணவர் ஒருவர் மாலைக் காற்பந்துப் பயிற்சியில் மயங்கி விழுந்தார். காலையில் தண்ணீரில் கலக்கிய பொடி, மதியம் ஒரு துண்டுக் கோழி நெஞ்சுக்கறி, சோறு கிடையாது. மூன்று வாரமாக இப்படி இருந்திருக்கிறார். அவருடைய அம்மா அழைத்தபோது, "அவன் நல்லாத்தான் சாப்பிடுறான் டீச்சர், மாசம் நூத்தம்பது வெள்ளிக்குச் சத்து மாவு வாங்கிக் கொடுக்கிறேன்" என்றார். தொழிற்சாலையில் கூடுதல் நேரம் வேலை பார்த்துக் கொடுக்கும் காசு அது. எனக்கு அந்தப் பையன்மீது கோபம் வரவில்லை. கைப்பேசியைத் திறந்தால் இதைத்தான் பத்துப் பேர் அவனுக்குச் சொல்கிறார்கள், வேறு யாரும் வேறு எதையும் சொல்லவில்லை.

சோறு சாப்பிட்டால் நீரிழிவு வரும் என்று வீட்டில் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் நீரிழிவு பரவலாக உள்ளது, இந்தியர்களிடையே மிக அதிகம். அதனால்தான் சுகாதார அமைச்சு கால்-கால்-அரைத் தட்டை முன்வைக்கிறது. தட்டின் பாதியில் காய்கறியும் பழமும், கால் பகுதியில் மீனோ கோழியோ பருப்போ, மற்றக் கால் பகுதியில் சோறு. கவனியுங்கள், சோற்றுக்கு அதில் இடம் உண்டு. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் குழம்பு, பக்கத்தில் பெரிய குவளை சிராப் பண்டோங் என்பதுதான் பிரச்சினை. குறைக்க வேண்டும் என்றால் அந்தக் குவளையில் தொடங்குங்கள். கடுமையாகப் பயிற்சி செய்கிற நாளில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு கரண்டிச் சோறு தேவைப்படலாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

இதில் ஒரு கூத்தும் உண்டு. எடை கூட்டும் பொடி என்று பெரிய பெரிய டப்பாவில் விற்கிறார்களே, அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். சோளம், அரிசி, மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தைச் சிறிது சிதைத்து எடுக்கும் பொடி அது. சோறு வேண்டாம் என்று சொன்னவர், அதே மாவுச்சத்தை நார்ச்சத்தும் குழம்பும் இல்லாமல் டப்பாவில் அடைத்து வாங்கி வருகிறார்.

தசை வளர்வதற்கு முதல் காரணம் உணவே அல்ல, சுமை. உங்கள் தசையில் உள்ள இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. பழக்கமில்லாத சுமையை அவை மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் கூடுதலாகச் சேர்ந்து இழை தடிக்கிறது. சுமை தரும் அந்தச் சமிக்ஞை இல்லாமல் எவ்வளவு புரதம் சாப்பிட்டாலும் அது கைக்குப் போய்ச் சேராது.

பண்டைய கிரேக்க உலகில் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் குரோட்டன் நகரத்தின் மைலோ என்ற மல்யுத்த வீரர் இருந்தார். அவரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. தினமும் கிலோக்கணக்கில் இறைச்சி தின்பார் என்பது ஒன்று. ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கி நடப்பார், கன்று வளர வளர அவர் பலமும் வளர்ந்தது, கடைசியில் முழுக் காளையையே தூக்கினார் என்பது மற்றொன்று. இரண்டுமே மிகைப்படுத்திய கதைகள்தான். ஆனாலும் இரண்டாவது கதைக்குள் சரியான அறிவியல் இருக்கிறது. சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டு என்பதே எல்லாப் பயிற்சியாளர்களும் இன்றும் சொல்வது. நாமோ முதல் கதையை மட்டும் பிடித்துக்கொண்டோம். 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் உருவாக்கிய மாவுப் பானத்துக்கு இந்த வீரரின் பெயரைத்தான் வைத்தார்கள். மாமாக் கடையில் நீங்கள் கேட்கும் மைலோ ஐஸ் அதுவே. சர்க்கரைப் பால் ஊற்றிக் கலக்கிய பிறகு அதில் எவ்வளவு பலம் எஞ்சும் என்பதை உங்கள் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

உங்கள் நண்பனுக்குச் சட்டை இறுகுகிறது, உங்களுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், உடனே அவன் குடிக்கும் பொடியைச் சந்தேகிக்காதீர்கள். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பதினான்கு வயதுப் பையன்களில் ஒருவனுக்குப் பருவ வளர்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கலாம். டெஸ்டோஸ்டெரோன் சுரப்பு கூடிய பிறகுதான் பையன்களுக்குத் தசை கண்ணுக்குத் தெரியும்படி பெருக்கும். பிந்தி வருபவனுக்கும் அது வரும். பாரம் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பாட்டிமார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில், சரியான முறையில், அளவான எடையைத் தூக்குவது பாதுகாப்பானதுதான். மேற்பார்வை என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, புரதம் எவ்வளவு வேண்டும்? 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.85 கிராம். 55 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு இது சுமார் 47 கிராம். பாரம் தூக்குபவர்களுக்கு இதைவிடக் கூடுதல் தேவை என்பது உண்மைதான். 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 1863 பேர் பங்கேற்ற 49 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 1.6 கிராம்வரை புரதம் கூடும்போது பயன் இருந்தது. அதற்கு மேல் கூட்டியதால் தசை கூடவில்லை. அதன்படி அதே 55 கிலோகிராம் மாணவருக்கு உச்ச அளவு 88 கிராம். ஒருவருக்கு இருநூறு கிராம் வேண்டும் என்று கைப்பேசியில் யாராவது சொன்னால், அவர் எடை எவ்வளவு, அவர் என்ன விற்கிறார் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

அந்த 88 கிராமை நம் வீட்டு அடுப்படியிலேயே எட்ட முடியுமா என்று கூட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு அவித்த முட்டை 12 கிராம், இரண்டு துண்டு ரொட்டி 5 கிராம், ஒரு குவளைப் பால் 8 கிராம். மதியம் ஒரு தட்டுச் சோறு 6 கிராம், நடுத்தரமான கெம்போங் மீன் ஒன்று 18 கிராம், ஒரு கிண்ணம் பருப்புக் கறி 6 கிராம். சாயங்காலம் ஒரு கைப்பிடி கச்சாங் பூத்தே 7 கிராம். ஈப்போ புந்தோங் பக்கம் உள்ளவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை, உப்பு குறைவாகப் பார்த்து வாங்கினால் சரி. இரவு சோறோ தோசையோ 6 கிராம், அதனுடன் எண்ணெய் அதிகமில்லாமல் வதக்கிய தெம்பே 75 கிராம் எடையில் 14 கிராம். மொத்தம் 82. இரவு படுக்கும் முன் இன்னொரு குவளைப் பால் குடித்தால் 90. இவை எல்லாம் தோராய எண்கள். மீன் சிறியதாக இருந்தால் குறையும், கோழித் துண்டு பெரிதாக இருந்தால் கூடும். தினமும் பயிற்சி செய்யாதவருக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. நான் காட்ட விரும்பியது, உச்ச அளவுக்கே சந்தைக் கூடை போதும் என்பதை.

இந்தப் பட்டியலில் நம் மாணவர்களில் பலர் தவறவிடுவது காலை வேளை. ஐந்தரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில் பேருந்து ஏறி, பத்து மணி ஓய்வு நேரத்தில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்குகிறார்கள். அதில் சோறும் சம்பாலும் நிறைய, முட்டை கால் துண்டு, நெத்திலி நாலு. பிறகு இரவில் ஒரே வேளையில் கோழியை அடுக்குகிறார்கள். தசை கட்டும் வேலை நாள் முழுக்க நடக்கிறது. ஆகவே புரதத்தை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்து இரண்டு முட்டை அவியுங்கள் என்பதுதான். கேட்டவர்கள் ஏமாற்றத்தோடு போகிறார்கள். மருந்துக் கடை இரகசியம் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

விலையையும் பார்த்துவிடுவோம். அண்மையில் ஒரு கடையில் நான் பார்த்த டப்பா 160 ரிங்கிட். முப்பது கரண்டி, கரண்டிக்கு 24 கிராம் புரதம். ஒரு கரண்டி ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. அதே 24 கிராம் நான்கு முட்டையில் கிடைக்கும். முட்டை ஒன்று அரை ரிங்கிட் என்று வைத்தாலும் இரண்டு ரிங்கிட். கூடவே வைட்டமின்களும் வந்துவிடும். பொடிக்குள் இருப்பது என்ன மாயப் பொருள் என்று பார்த்தால், பெரும்பாலும் மோர்ப் புரதம். பாற்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது. பால் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். நல்ல புரதம், எளிதில் செரிக்கும், அதில் குற்றம் இல்லை. நாளெல்லாம் பயிற்சியில் இருக்கும், சாப்பிட நேரமில்லாத விளையாட்டு வீரருக்கு அது வசதி. உங்களுக்கு வசதி வேண்டுமா, 160 ரிங்கிட் மிச்சம் வேண்டுமா என்பதே கேள்வி.

முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கும் வீரர்களும் வகுப்புக்கு ஒருவர் இருக்கிறார்கள். 1998இல் பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் சுமார் 51 விழுக்காடுதான். வெப்பம் புரத மூலக்கூற்றின் மடிப்புகளைப் பிரித்துவிடுவதால் நொதிகளுக்கு வேலை எளிதாகிறது. பச்சையாகக் குடிப்பவர் வாங்கிய முட்டையில் பாதியை வீணாக்குவதோடு, சால்மோனெல்லா கிருமிக்கும் கதவைத் திறந்து வைக்கிறார்.

சைவ மாணவர்கள் தங்களுக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. தோசை மாவில் அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்த நம் முன்னோர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதுமில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். தெம்பேயும் தாவ்ஹூவும் சோயாவில் செய்தவை, அவற்றில் தேவையான ஒன்பது அமினோ அமிலங்களும் இருக்கின்றன. மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை: பாரம் தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், உங்கள் உடலில் அதற்கு வேண்டிய அளவு டெஸ்டோஸ்டெரோன் இல்லை. புரதத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. கீரை, பருப்பு, மீன், சிவப்பு இறைச்சி என்று எது உங்கள் வீட்டில் உண்டோ அதைச் சாப்பிடுங்கள், சோர்வு தொடர்ந்தால் கிளினிக்கில் இரத்தம் பரிசோதியுங்கள்.

பெற்றோர் சிலர் இதற்கு நேர்மாறான முனையில் நிற்கிறார்கள். புரதம் அதிகம் சாப்பிட்டால் சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று முட்டையையே ஒளித்து வைக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது என்பது உண்மை. நலமாக இருக்கும் பிள்ளை இரண்டு முட்டையும் ஒரு மீனும் சாப்பிடுவதற்கு அந்தப் பயம் பொருந்தாது.

பெற்றோர் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் ஆய்வுக் குழு, 13 நாடுகளில் விற்ற 634 சத்துப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 94 பொருள்களில், டப்பாவில் எழுதாத ஊக்க ஸ்டீராய்டுகள் கலந்திருந்தன. ஏறக்குறைய ஏழில் ஒன்று. வளரும் வயதில் ஸ்டீராய்டு உடலுக்குள் போனால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும், வர வேண்டிய உயரம் வராமல் போகும். பள்ளியைப் பிரதிநிதித்து ஓடும் மாணவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டால் தெரியாமல் குடித்தேன் என்பது அவரைக் காப்பாற்றாது. உடலுக்குள் போனதற்கு விளையாட்டாளரே பொறுப்பு என்பதுதான் விதி. நம் நாட்டில் மாத்திரையாகவும் கேப்சூலாகவும் விற்கும் சத்துப் பொருள்கள் சுகாதார அமைச்சில் பதிவு பெற்று, எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்து அண்ணன் பெயர் ஒட்டாத புட்டியில் எதையாவது கொடுத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்காதீர்கள். ஒரே மாதத்தில் ஒருவருக்கு அதிசயமாகத் தசை வந்தது என்றால் எனக்கு அந்தப் புட்டியின் நினைவுதான் வரும்.

தூக்கத்தைப் பற்றி நீட்ட மாட்டேன், சொன்னால் யாரும் கேட்பதில்லை. 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. இரவு ஒரு மணிவரை கைப்பேசியில் உடற்பயிற்சிக் காணொளி பார்ப்பவர், அந்த நேரத்தில் தூங்கியிருந்தாலே பாதிப் பலன் கிடைத்திருக்கும்.

பள்ளிகளும் இதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. புரதத்தைப் பற்றி வகுப்பில் நாற்பது நிமிடம் பாடம் நடத்துகிறோம், பையூரெட் சோதனையில் ஊதா நிறம் காட்டுகிறோம். மணி அடித்ததும் மாணவர் ஓடும் சிற்றுண்டிச்சாலையில் பொரித்த சோசேஜும் இனிப்புத் தண்ணீரும் முன்வரிசையில் இருக்கின்றன. அவித்த முட்டையும் பருப்பும் சுண்டலும் கண்ணில் படும் இடத்தில், ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே கிடைத்தால், என் பாடத்தைவிட அது அதிகம் சாதிக்கும் என்பது என் கருத்து. எங்கள் சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் இதைப் பேசினேன். காலையில் முப்பது முட்டை அவித்து வைத்து, விற்காமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. மிஞ்சுவதை ஆசிரியர் அறையில் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அடுத்த திங்கள் முதல் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஒன்று எழுபது சென்.